வேடம் யாருக்கு, வேலை யாருக்கு?

(குந்தாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது.)



தமிழ்த் திரைப்படமும் சமூகமும் என்ற எல்லைக்குள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அறக்கட்டளைச் செயலாளர் எழுதியிருந்தார். திரையில் வரும் திருநங்கை, திருநம்பி பாத்திரங்களில் மற்றவர்கள் நடிக்கலாமா என்பதைப் பேசப்போகிறேன் என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நம்ம குந்தாவுக்கு இது ஒத்து வருங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

சினிமாவில் தன் இடத்தில் வேறொருவர் நிற்பதைப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் நம் மலையில் எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை. தேயிலைச் சரிவு வந்தது, பைன் மரம் வந்தது, மூடுபனி வந்தது. கொழுந்து பறிக்கும் பெண் வந்தால் மட்டும் அவள் வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்கிய துணை நடிகையாக இருப்பாள். கூடையை முதுகில் போடத் தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். படகர் வீட்டுச் சடங்கோ, தோட்டத் தொழிலாளியின் லயன் வீடோ, கெத்தை இறக்கத்தில் இருக்கும் இருளர் பதியோ அந்தப் படங்களுக்குத் தேவைப்படவில்லை. படப்பிடிப்பைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நாம் வேடிக்கை பார்த்தோம். 'இது நாம் இல்லையே' என்ற நினைப்பு அப்போது நம் எல்லோருக்கும் வந்திருக்கிறது. அந்த நினைப்பைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் இன்றைய பொருள் கிடைக்கும். ஆகவே குந்தாவுக்கு இது ஒத்து வரும் பொருள்தான்.

ஒரு சொல்லை மட்டும் விளக்கிவிடுகிறேன். பிறந்தபோது ஆண் என்றோ பெண் என்றோ எழுதப்பட்டதோடு முரண்பாடு இல்லாமல் வாழ்கிறவர்களை 'சிஸ்ஜெண்டர்' என்கிறார்கள். பேச்சுத் தமிழில் ஊன்றிய சொல் அதற்கு இன்னும் அமையவில்லை. திருநங்கைக்கும் திருநம்பிக்கும் பெயர் வைக்கத் தேவை ஏற்பட்டது. நமக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. நானும் அந்த வகையைச் சேர்ந்தவன்தான். இந்த உரையில் 'ஆண் நடிகர்' என்று நான் சொல்வது சிஸ் ஆண் நடிகரைத்தான்.

1

முதலில், திருநங்கை வேடம் திருநங்கைக்கே என்ற என் கட்சிக்கு எதிராக நிற்கும் வலுவான வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். நடிப்பு என்றாலே இன்னொருவராக ஆவதுதானே? கொலைகாரனாக நடிக்கக் கொலை செய்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. தமிழ் மேடையே இந்தக் கேள்வியின் மேல் எழும்பியது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் கம்பெனிகளில் 'ஸ்திரீபார்ட்' போட்ட சிறுவர்களைப் பார்க்க ஊரே திரண்டது. சிவாஜி கணேசன் பெண் வேடங்களில் தொடங்கியவர். டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து, அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் பெற்றார். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அன்றைக்கு நாடு முழுக்கப் பேசப்பட்ட தொகை.

இந்த மரபு எனக்கும் பெருமைதான். ஆனால் அதே மரபு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. சிறுவர்கள் ஏன் பெண் வேடம் போட்டார்கள்? குடும்பப் பெண் மேடை ஏறக்கூடாது என்றிருந்தது. ஏறிய பெண்ணை ஊர் வேறு பெயரால் அழைத்தது. அந்தக் காலத்திலேயே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு நாடகக் கம்பெனி நடத்திக் காட்டினார். பெண்களுக்கு நடிக்க வராது என்பதற்கு இடமே இல்லை. கதவு சாத்தியிருந்தது, அவ்வளவுதான். ஸ்திரீபார்ட்டின் நயம் அந்தச் சாத்திய கதவின் முன்னால் நின்று வளர்த்த நயம். கதவு திறந்து பெண்கள் வந்ததும் ஸ்திரீபார்ட் மெல்ல மெல்ல விடைபெற்றது. 'ஆண்களே அருமையாகச் செய்கிறார்களே, பெண்கள் எதற்கு?' என்று இன்று யாராவது கேட்டால் நமக்குக் கோபம் வரும். திருநங்கை வேடத்தைப் பற்றி அதே கேள்வியைக் கேட்கும்போது அந்தக் கோபம் ஏன் வருவதில்லை?

2

இரண்டாவதாக, ஒரு கணக்கு. நாட்டின் தேசியத் திரைப்பட விருதுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 62-ஆவது விருதுகளில் சிறந்த நடிகர் சஞ்சாரி விஜய். கன்னடப் படமான 'நானு அவனல்ல அவளு'வில் திருநங்கையாக நடித்ததற்காக. 65-ஆவது விருதுகளில் சிறந்த நடிகர் ரித்தி சென். வங்கப் படமான 'நகர்கீர்த்தன்' படத்தில் திருநங்கையாக நடித்ததற்காக. 67-ஆவது விருதுகளில் சிறந்த துணை நடிகர் நம் விஜய் சேதுபதி. 'சூப்பர் டீலக்ஸ்' படத்தின் ஷில்பாவுக்காக. மூவரும் ஆண்கள். மூவரும் நன்றாகவே நடித்தார்கள். சஞ்சாரி விஜய் 2021-இல் சாலை விபத்தில் சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்தப் படத்தில் அவர் கண்களில் இருந்த அச்சத்தை நான் மறக்கவில்லை.

இந்த மூன்றில் முதல் படத்தின் கதை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய 'நான் வித்யா' என்ற தன்வரலாற்றிலிருந்து வந்தது. வித்யா தமிழ்நாட்டுத் திருநங்கை, எழுத்தாளர். அதோடு அவர் நாடகக் கலைஞர், நடிகர். தன் வாழ்க்கையைத் தானே நடித்துக் காட்டும் தேர்ச்சி உள்ளவருடைய வாழ்க்கை படமானது. வேடம் வேறொருவருக்குப் போனது. விருதும் அவரோடு போனது. யாரும் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இயக்குநர் லிங்கதேவரு அக்கறையோடு எடுத்த படம் அது. அக்கறையுள்ளவர்கள் நல்ல மனத்தோடு செய்யும்போதும் கணக்கு இப்படி முடிகிறது என்பதே எனக்கு உறுத்துகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு செய்தியும் உண்டு. 2022-இல் அறிவிக்கப்பட்ட கேரள அரசின் திரைப்பட விருதுகளில், 'அந்தரம்' என்ற மலையாளப் படத்தில் நடித்த நேகாவுக்கு, பெண்கள் மற்றும் திருநர் பிரிவில் சிறப்பு விருது கிடைத்தது. நேகா தமிழ்நாட்டுத் திருநங்கை. நம் பிள்ளை நடிப்பதற்கு வாளையாறு தாண்டிப் போக வேண்டியிருந்தது. இங்கே கோடம்பாக்கத்தில் அவருக்கு முன்பே ஒரு கதவு திறந்திருக்கக் கூடாதா?

3

மூன்றாவது, பார்க்கிறவர் மனத்தில் என்ன தங்குகிறது என்பது.

2000-இல் 'அப்பு' படம் வந்தது. இந்தியில் 1991-இல் வந்த 'சடக்' படத்தின் தமிழ் வடிவம். அங்கே சதாசிவ் அம்ராபூர்கர், இங்கே பிரகாஷ்ராஜ். பாலியல் விடுதி நடத்தும் மகாராணி என்ற கொடிய பாத்திரம். பிரகாஷ்ராஜ் மிரட்டியிருந்தார். அரங்கத்திலிருந்து வெளியே வந்த கூட்டத்தோடு நானும் வந்தேன். பஸ் நிலையத்தில் காசு கேட்டு வந்த ஒரு திருநங்கையைப் பார்த்து இரண்டு இளைஞர்கள் 'மகாராணி' என்று கத்தினார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டு விலகிப் போனார்.

2011-இல் 'காஞ்சனா'. இது நேசத்தோடு எடுத்த படம். வீட்டை விட்டு விரட்டப்பட்ட ஒரு குழந்தையை காஞ்சனா என்ற திருநங்கை எடுத்து வளர்த்து மருத்துவம் படிக்க வைக்கிறாள். சரத்குமார் போன்ற ஒரு கதாநாயக நடிகர் சேலை கட்டி, கம்பீரமாக அந்த வேடத்தை ஏற்றது பெரிய செய்தி. அரங்கில் கைதட்டல் எழுந்ததை நான் கேட்டேன். அந்தக் கைதட்டலை மதிக்கிறேன். ஆனாலும் அது யாருக்கு எழுந்த கைதட்டல்? சரத்குமார் துணிந்து இந்த வேடம் போட்டாரே என்று எழுந்த கைதட்டல் அது. ஆண் நடிகர் திருநங்கையாக வரும்போது நாம் அவருடைய துணிவை வியக்கிறோம், மழித்த மீசையை வியக்கிறோம், சேலைக்கட்டை வியக்கிறோம். விருது விழாவுக்கு அவர் கோட்டும் தாடியுமாக வருகிறார். வேடம் கலைந்தால் உள்ளே ஓர் ஆண் இருக்கிறான் என்பது நமக்கு உறுதியாகிறது. திருநங்கையர் ஆயுள் முழுக்க எதை எதிர்த்துப் போராடுகிறார்களோ, அந்த எண்ணத்தை நம்மை அறியாமலே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். நான் சொன்ன படங்களையே வரிசைப்படுத்திப் பாருங்கள். அப்புவின் மகாராணி சாகிறாள். காஞ்சனா கொல்லப்படுகிறாள். 'நகர்கீர்த்தன்' சாவில் முடிகிறது. 2020-இல் 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' படத்தில் காளிதாஸ் ஜெயராம் சத்தாராக நடித்தார். மனத்தைப் பிசைந்த நடிப்பு. அந்தச் சத்தாரும் பிழைப்பதில்லை. இனி இந்தப் பக்கம் வாருங்கள். 2017-இல் வந்த 'அருவி'யில் அஞ்சலி வரதன் என்ற திருநங்கை எமிலியாக நடித்தார். நாயகி அருவிக்கு அடைக்கலமும் தோழமையும் தருகிறவள் எமிலி. 2019-இல் திரைக்கு வந்த ராமின் 'பேரன்பு' படத்தில் மீராவாக நடித்த அஞ்சலி அமீர் ஒரு திருநங்கை. எல்லோராலும் கைவிடப்பட்ட ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் கடைசியில் குடும்பமாக அமைகிறவள் மீரா. இந்தப் பெண்கள் சாவதில்லை. அழுது தீர்க்க ஒரு பிணமாக இல்லாமல், அடுத்த நாள் காலையில் எழுந்து காபி போடும் மனுஷியாக இருக்கிறார்கள்.

விதி என்று இதைச் சொல்லமாட்டேன். சஞ்சாரி விஜய் ஏற்ற பாத்திரம் வாழ்கிறது. ஷில்பாவும் வாழ்கிறாள், அவளை அப்படியே ஏற்றுக்கொள்ளும் மகன் ராசுக்குட்டியைத் தமிழ்த் திரை நமக்குத் தந்த நல்ல குழந்தைகளில் ஒருவனாக நான் எண்ணுகிறேன். ஆனால் அதே படத்தில், குழந்தைகளைக் கடத்தியதாக ஷில்பா சொல்லி அழும் இடம் ஒன்று உண்டு. 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' என்ற பழியால் அடிபட்டவர்கள் திருநங்கையர். அந்தக் காட்சியைத் திருநங்கையர் பலர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். படப்பிடிப்புத் தளத்தில், முதன்மை வேடத்தில், அந்தப் பழியைச் சுமந்த ஒருவர் இருந்திருந்தால் 'இந்த வரி வேண்டாங்க' என்று ஒரு குரலாவது எழுந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எழுந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கும் ஒரு சான்று இருக்கிறது. 2015 பொங்கலுக்கு ஷங்கரின் 'ஐ' வந்தது. அதில் ஒப்பனைக் கலைஞர் பாத்திரத்தில் நடித்த ஓஜஸ் ரஜானி உண்மையிலேயே திருநங்கை, உண்மையிலேயே புகழ்பெற்ற ஒப்பனைக் கலைஞர். வேடம் உரியவருக்குத்தான் போனது. படமோ அவருடைய ஆசையையும் உடலையும் கேலிக்கும் அருவருப்புக்கும் உரிய பொருளாக்கியது. சென்னையில் திருநங்கையர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆகவே நடிகரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதாடவில்லை. கதையை எழுதுகிற கையும் மாற வேண்டும்.

அந்தக் கை மாறியதற்கும் நம்மிடம் ஒரு படம் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் திரைக்கு வந்த 'நீல நிறச் சூரியன்'. எழுதி, இயக்கி, நடித்தவர் சம்யுக்தா விஜயன் என்ற திருநங்கை. அரவிந்த் என்ற பள்ளி ஆசிரியர் பானுவாகிறார். வகுப்பறை, ஆசிரியர் அறை, கழிப்பறை எது என்ற சிக்கல், வீட்டில் அம்மா அப்பா. கத்தலும் கதறலும் இல்லை. மாற்றத்துக்கு முந்தைய ஆணுருவத்தை யார் நடிப்பது என்று கேட்பவர்களுக்கும் அந்தப் படமே விடை; இரண்டையும் அவரே நடித்திருக்கிறார்.

4

இந்த இடத்தில் என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் கல்லூரியும் வேண்டாம். என் வகுப்பில் சேர்ந்தபோது பதிவேட்டில் ஆண் பெயர். முதல் பெஞ்சில் உட்காருவாள். செய்யுளை ராகம் போட்டு வாசிப்பாள். அப்போது பெருக்குகிறவர்கூட வாசலில் நின்று கேட்பார். கல்லூரி நாடகத்தில் கண்ணகி வேடம் கேட்டாள். கொடுக்கவில்லை. கொடுக்காத குழுவில் நானும் இருந்தேன். 'காஞ்சனா' வந்தபோது வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்தது. நல்லெண்ணத்தோடு எடுத்த படத்தின் பெயர்கூட அவள் மேல் கல்லாக விழுந்தது. இரண்டாம் ஆண்டு பாதியில் நின்றுவிட்டாள்.

சில ஆண்டுகள் கழித்து கோயம்புத்தூரில் பார்த்தேன். ஒரு நாடகக் குழுவில் இருந்தாள். சினிமாவுக்கும் முயன்றுகொண்டிருந்தாள். ஒரு படத்தில் திருநங்கை வேடம் என்று கேள்விப்பட்டு ஆடிஷனுக்குப் போயிருக்கிறாள். வேடம் ஏற்கெனவே ஓர் ஆண் நடிகருக்கு முடிவாகிவிட்டது. அவளை வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த நடிகருக்குச் சேலைக் கொசுவம் மடிக்கவும், நடக்கவும், உள்ளங்கை அதிரக் கைதட்டவும் கற்றுக்கொடுக்கும் வேலை. இரண்டு நாள் பேட்டா. பெயர் போடவில்லை. அவள் என்னிடம் சொன்னது இது: "நான் நடக்கிற நடைய அவர் நடந்தா நடிப்புங்கிறாங்க சார். அதையே நான் நடந்தா, அது நீதானே, இதுல நடிக்க என்ன இருக்குங்கிறாங்க."

இதைவிடத் தெளிவாக என்னால் இந்தப் பிரச்சினையைச் சொல்ல முடியாது. பிள்ளை பெற்ற நடிகை தாயாக நடித்தால் 'அது நீதானே' என்று நாம் சொல்வதில்லை. மதுரையில் பிறந்தவர் மதுரைக்காரராக நடித்தால் மண்ணின் மணம் என்று பாராட்டுகிறோம். திருநங்கைக்கு மட்டும் தன்னைப் போன்ற ஒருத்தியை நடிப்பது கலையாகாது என்கிறோம். அதே மூச்சில், மற்ற வேடங்களுக்கு அவள் பொருந்தமாட்டாள் என்றும் சொல்கிறோம். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, திறமையுள்ளவர் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

'யாரும் யாராகவும் நடிக்கலாம்' என்ற கொள்கை எனக்கும் பிடிக்கும். அது இரு வழிப் பாதையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஹண்டர் ஷேஃபர் என்ற திருநங்கை நடிகை, 2023-இல் வந்த 'ஹங்கர் கேம்ஸ்' வரிசைப் படத்தில் ஒரு சாதாரணப் பெண் பாத்திரத்தில் நடித்தார். நம் படங்களில் ஒரு திருநங்கை கதாநாயகனின் அக்காவாக, வங்கி அதிகாரியாக, டீக்கடைக்காரம்மாவாக, அவள் யார் என்ற பேச்சே எழாமல் வந்துபோகும் நாளில், ஓர் ஆண் நடிகர் திருநங்கையாக நடிப்பதை நான் எதிர்க்கமாட்டேன். இன்றைக்குப் போக்கு மட்டும் இருக்கிறது, வரத்து இல்லை.

5

சந்தைக் கேள்வியைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 'நட்சத்திரம் இல்லாமல் படம் விற்காது' என்கிறார்கள். 'பேரன்பு' படத்தில் மம்மூட்டி இருந்தார், பக்கத்தில் அஞ்சலி அமீரும் இருந்தார். 'அருவி'யில் நட்சத்திரமே இல்லை. மக்கள் தேடிப் போய்ப் பார்த்தார்கள். நட்சத்திரம் என்பவரும் வானத்திலிருந்து விழுகிறவர் இல்லை. விஜய் சேதுபதி 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தின் நாயகனாவதற்கு முன்பு, கூட்டத்தில் ஒருவராக, நண்பரில் ஒருவராகப் பல படங்களில் நின்றவர். அந்தச் சின்னச் சின்ன வேடங்கள்தான் அவருடைய பள்ளிக்கூடம். திருநங்கைக்கு அந்தக் கூட்டத்தில் நிற்கவே இடம் கிடைப்பதில்லை. வசனமில்லாத வேடத்துக்கும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர் எப்படி நட்சத்திரமாவார்?

'நர்த்தகி' படத்தில் கல்கி சுப்ரமணியம் முதன்மை வேடத்தில் நடித்தது 2011-இல். 'காஞ்சனா' வந்த அதே ஆண்டு. ஒரு திருநங்கையே கதைநாயகி. நம் மலையில் எத்தனை பேர் அந்தப் பெயரையாவது கேள்விப்பட்டீர்கள்?

தொலைக்காட்சி இந்த விஷயத்தில் துணிந்தது. 2008-இல் விஜய் டிவியில் ஒரு திருநங்கை தொகுத்து வழங்கிய 'இப்படிக்கு ரோஸ்' வந்தது. 2014-இல் கோவையின் லோட்டஸ் டிவியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். அணை நீர்மட்டத்தையும் விபத்துச் செய்தியையும் ஒரு திருநங்கை வாசிக்க, மக்கள் செய்தியைத்தான் கேட்டார்கள். விளம்பரதாரர் யாரும் ஓடிப்போகவில்லை, வானம் இடிந்து விழவில்லை.

6

இன்னொரு கேள்வி இளைஞர்களிடமிருந்து வரும். 'அப்படியானால் படகராக ஒரு படகரும் இருளராக ஓர் இருளரும்தான் நடிக்க வேண்டுமா? மருத்துவராக மருத்துவர்தான் நடிக்க வேண்டுமா?' 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் இருளர் பெண் செங்கேணியாக நடித்தவர் லிஜோமோள் ஜோஸ். கேரளத்தவர். உழைத்து நடித்தார், நாமும் கலங்கினோம். அங்கேயும் இந்தக் கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

மருத்துவரை இதோடு சேர்க்க முடியாது. மருத்துவர் என்பதற்காக ஒருவருக்கு வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதில்லை, வேலை மறுக்கப்படுவதில்லை, பெற்றவர்கள் துரத்துவதில்லை. யாருக்கு மற்ற வேலைகளெல்லாம் மறுக்கப்படுகின்றனவோ, அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் வேலையும் அவருக்கு மறுக்கப்படும்போதுதான் இது அநீதியாகிறது. 2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது, இந்தியாவிலேயே முன்னோடி. 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலின அடையாளத்தை ஏற்றது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் துணை நின்றதால் திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளரானார். பரதநாட்டியக் கலைஞரான திருநங்கை நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். காவல் நிலையமும் பரதநாட்டிய மேடையும் வழிவிட்டிருக்கின்றன. 2020-இல் வந்த 'நாடோடிகள் 2' படத்தில் திருநங்கை நமீதா மாரிமுத்து காவல் சீருடையில் வந்தபோது, நிஜம் முன்னே போய் சினிமா அதன் பின்னே வந்தது.

வெளிநாட்டிலும் இப்போதுதான் மெல்லத் திருந்துகிறார்கள். 'டேனிஷ் கேர்ள்' படத்தில் திருநங்கையாக நடித்து ஆஸ்கர் போட்டி வரை போன எடி ரெட்மெய்ன், 2021-இல், அந்த வேடத்தை ஏற்றது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். சிலி நாட்டுப் படமான 'எ ஃபன்டாஸ்டிக் உமன்' திருநங்கை நடிகை டேனியேலா வேகாவை நாயகியாகக் கொண்டு 2018-இல் ஆஸ்கர் பெற்றது. பக்கத்து நாடான பாகிஸ்தானில் 'ஜாய்லேண்ட்' வந்தது. அதில் நடித்த அலீனா கான் திருநங்கை. 2022-இல் கான் விழாவில் அந்தப் படம் பரிசு பெற்றது. நம்மைவிடக் கடுமையான தடைகள் உள்ள இடத்தில் அது முடிந்திருக்கிறது.

7

கடைசியாக, என் தீர்ப்பு.

திருநங்கையோ திருநம்பியோ முதன்மைப் பாத்திரமாக வரும் படத்தில், அந்த வேடத்துக்கு முதலில் அவர்களைத்தான் தேட வேண்டும். பெயருக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கைவிரிப்பது தேடல் ஆகாது. நாடகக் குழுக்களில் தேட வேண்டும். அ. மங்கையோடு இயங்கிய கண்ணாடிக் கலைக்குழு போன்றவற்றில் நடித்தவர்கள் இருக்கிறார்கள். 'வெள்ளை மொழி'யைத் தனி ஒருவராக மேடையில் நிகழ்த்திய அ. ரேவதி இருக்கிறார். கரகாட்டத்திலும் கூத்திலும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன் இவர்கள் வாசலுக்கெல்லாம் போய்வந்திருக்க வேண்டும்.

இன்றைய நிலையில் அந்த வேடம் ஒரு பெரிய நடிகரைத் தேடி வந்தால், அவர் அதைத் தள்ளுவதே நேர்மை என்பது என் முடிவு. 'இதற்கு உரியவர் இருக்கிறார், அவரைப் போடுங்கள், நான் வேறு வேடத்தில் பக்கத்தில் நிற்கிறேன்' என்று ஒரு நட்சத்திரம் சொன்னால் தயாரிப்பாளர் கேட்பார்.

திருநம்பிகளைப் பற்றி நான் குறைவாகப் பேசியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பேசுவதற்குத் தமிழ்த் திரை எதையும் வைக்கவில்லை. கேலி செய்யக்கூட அவர்களை அது நினைக்கவில்லை. பெண்ணாகப் பிறந்ததாக எழுதப்பட்டு ஆணாக வாழ்கிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களை நடிக்க யார் என்ற கேள்விக்கு முன்னால், அவர்களைப் பற்றி எழுத யார் என்ற கேள்வி நிற்கிறது.

கோடம்பாக்கத்துக்கு அறிவுரை சொல்லிவிட்டு மலையிறங்கினால் அது எளிய வேலை. நம் கையிலும் மேடைகள் இருக்கின்றன. ஊர்த் திருவிழாவில் நாடகம் போடுகிறோம். பள்ளி ஆண்டுவிழாவில் போடுகிறோம். சிரிப்புக்காக ஒரு பையனுக்குச் சேலை கட்டிவிட்டுக் கைதட்டச் சொல்கிறோம். அடுத்த முறை அந்த வேடத்தை எடுத்துவிடுங்கள். கண்ணகி வேடம் கேட்டு ஒரு பிள்ளை வந்து நின்றால் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்காமல் விட்டேன்.

இன்னும் ஒன்று. திருநங்கையர் இடத்தில் மற்றவர் நிற்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அவர்களுக்கு உரிய இந்த மேடையில் இன்று நின்றவனும் நான்தான். எனக்கென்று ஒதுக்கிய மதிப்பூதியத்தைச் செயலாளரிடமே விட்டுச் செல்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒரு திருநங்கைக் கலைஞரை அழையுங்கள்; பஸ் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் அது போதும். அவர் பேச வரும்போது நான் கேட்க வருகிறேன்.